தண்ணீர்க் குழாயில் ஒட்டிய வெப்பமானி

அவருக்கு டிகிரி என்று பேர் வைத்தது வேலையிடத்து ஸ்டோர் கீப்பர். கல்லூரி வாசலைக்கூட மிதிக்காத மனிதருக்கு இப்படி ஒரு பேரா என்று புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் சிரிப்பார்கள். பெரிய கட்டடங்களுக்குக் குளிர்சாதனம் போட்டுப் பராமரிக்கும் மெக்கானிக் அவர். எந்த அறைக்குள் நுழைந்தாலும் அங்கிருப்பவர்களுக்கு ஒரு வணக்கம் சொல்வதற்கு முன்னால், "இருபத்தாறு இருக்கும்" என்பார். சட்டைப் பையிலிருந்து டிஜிட்டல் வெப்பமானியை எடுத்து அதன் ஒயர் நுனியைக் காற்றில் நீட்டினால் இருபத்தாறோ இருபத்தாறரையோ காட்டும். கல்யாண மேடையில் அவர் மணப்பெண்ணின் காதில் சொன்ன முதல் வார்த்தையே, "இந்த லைட்டு நேரா நம்ம தலைக்கு மேல இருக்கு, முப்பத்தஞ்சுக்குக் குறையாது" என்பதுதான். அந்த அம்மாள் அதை இன்றுவரை யார் வந்தாலும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

ஓய்வு பெற்ற பிறகு டிகிரிக்கு இருக்கிற பெரிய வேலை, பழசை நினைப்பது. எல்லாப் பழசையும் அல்ல. மகளுக்கு நாலு வயதாயிருந்தபோது குடியிருந்த இரண்டாம் மாடி வீடு, அதில் ஜன்னலோர மேசை, மேசை மேல் பக்கத் தகடு கழற்றிப்போட்ட ஒரு டெஸ்க்டாப் கம்ப்யூட்டர். அந்த இரண்டு வருடங்களைத்தான் அவர் திரும்பத் திரும்ப எடுத்துத் தடவிப் பார்ப்பார். அதற்கு முன்னும் பின்னும் அவர் வாழவே இல்லையா என்று கேட்டால், அறை எத்தனை டிகிரி என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்.

ஒரே அறைதான். கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவில் ஒருக்களித்துத்தான் நடக்க வேண்டும். கழற்றின தகடு, மகள் படுத்துக்கொண்டு வண்ணம் தீட்டுகிற பலகையாகிவிட்டது. பெட்டியின் பின்பக்கத்திலிருந்து வருகிற வெதுவெதுப்பான காற்றில் மழைக்காலத்தில் குழந்தையின் காலுறைகள் காயும். வீட்டில் யார் பேசினாலும் ஃபேன் இரைச்சலுக்கு மேல் ஒரு கட்டை ஏற்றித்தான் பேச வேண்டும். அதனால் அந்த வீட்டில் ரகசியம் என்று ஒன்று இருந்ததே இல்லை என்று டிகிரி பெருமையாகச் சொல்வார். இருந்தது. அதற்கு வருகிறேன்.

மனைவி ஒரு கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவள். பகலெல்லாம் அடுத்தவர் யோசித்த கட்டடத்தைக் கோடாக்குவாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து தான் யோசித்ததை வரைவாள். கோடுகளாக வரைந்ததை வெளிச்சமும் நிழலுமாக, பார்த்தால் புகைப்படம் என்று நம்புகிற மாதிரி ஆக்கக் கம்ப்யூட்டர் மணிக்கணக்கில் கணக்குப் போட வேண்டும். அதற்கு ரெண்டர் என்று பேர். ஒரு படத்துக்கு ஐந்து மணி நேரம் பிடித்தது. "இதென்ன, மாட்டு வண்டியா?" என்று டிகிரிக்குப் பொறுக்கவில்லை. தயாரித்தவன் சொன்ன வேகத்தைவிடக் கூடுதலாக ஓட்டுகிற ஓவர்கிளாக் வித்தையைப் பத்திரிகை பார்த்தும், கம்ப்யூட்டர் கடைக்காரரை நச்சரித்தும் கற்றுக்கொண்டார். ஐந்து மணி நாலு மணியானது. ஒரு மனிதன் மனைவிக்குச் சேலை வாங்கித் தருவான், நகை வாங்கித் தருவான். இவர் படத்துக்கு ஒரு மணி நேரம் வாங்கித் தந்தார்.

வேகத்தை ஏற்றினால் சூடும் ஏறும். ப்ராசஸர் சூடாவது எல்லோருக்கும் தெரியும். அதற்கென்று தலைமேல் ஒரு பெரிய ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும். பக்கத்தில் தீப்பெட்டி அளவில் அலுமினியச் சீப்பு ஒன்றைச் சுமந்துகொண்டு ஒரு சில்லு உட்கார்ந்திருக்கிறதே, சிப்செட், அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ப்ராசஸருக்கும் மெமரிக்கும் நடுவில் போவது வருவதெல்லாம் அதன் வழியாகத்தான். வேகத்தைக் கூட்டினால் அதுவும் கொதிக்கும். ஆனால் அதற்குச் சொந்த ஃபேன் கிடையாது. ப்ராசஸர் ஃபேனிலிருந்து வழிகிற காற்றில் அது பிழைத்துக்கொண்டிருந்தது. அதன் சூட்டைத் திரையில் காட்டவும் அந்த மதர்போர்டில் வழி இல்லை. டிகிரி விடுவாரா? தன் தொழில் வெப்பமானியின் ஒயரை அந்தச் சீப்பில் டேப் போட்டு ஒட்டி, காட்டுகிற பெட்டியை மேசை விளிம்பில் நிறுத்திவைத்தார்.

காலையில் மனைவி செருப்பை மாட்டிக்கொண்டே கேட்பாள்.

"எத்தனைங்க?"

"நாப்பத்தெட்டு."

"அப்ப ஓடட்டும். நான் கெளம்புறேன்."

இதுதான் அவர்களுடைய கொஞ்சல். இதைவிட இனிப்பாக அவர்கள் பேசிக்கொண்டதாக டிகிரிக்கு நினைவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பேருந்து நிலையத்துக்குக் காத்திருப்புக் கூடம் கட்டப் போட்டி அறிவித்தார்கள். யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். பதினாறு படங்கள், வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் குறுந்தகட்டில் கொடுத்துவிட வேண்டும். பன்னிரண்டு வருடம் அடுத்தவர் பேருக்கு வரைந்தவள், முதல் தடவையாகத் தன் பேருக்கு வரைந்தாள். வரைந்தாள் என்று சும்மா சொல்லிவிட்டுப் போகக்கூடாது. கூடத்துக்குள் ஆட்களைக் குடிவைத்தாள். பைமேல் தலைவைத்துத் தூங்குகிற ஒருவர், குழந்தையை இடுப்பு மாற்றிக்கொள்கிற ஒரு பெண், பெஞ்சைச் சுற்றி ஓடுகிற இரண்டு வாண்டுகள். வெளியே மரங்கள், இலை இலையாக. ஒரு மரத்தின் நிழல் மாலை நாலு மணிக்கு எந்த பெஞ்சில் விழும் என்று கணக்குப் போட்டு, அங்கே ஒரு வயசாளியை உட்காரவைத்தாள். "யாருடி இவரு?" என்று டிகிரி கேட்டதற்கு, "யாரோ. பாவம், வெயில்ல நிக்க வேண்டாமேன்னுதான்" என்றாள்.

இப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தால் டிகிரிக்குக் கை அரிக்காதா? ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு சாக்குப்பை நிறைய சாமான்களோடு வந்தார். மீன் தொட்டி மோட்டார், செப்புக் குழாய், பழைய காரிலிருந்து கழற்றிய சின்ன ரேடியேட்டர், கண்ணாடி போலத் தெரிகிற ரப்பர் குழாய்.

"என்னங்க இது?"

"தண்ணி ஓடவிட்டுக் குளுர வைக்கப்போறேன். பத்து மாடிக் கட்டடத்தையே தண்ணியில குளுர வைக்கிறவன், ஒரு பொட்டிய வைக்க மாட்டேனா?"

"நல்லாத்தானே ஓடுது? வெள்ளிக்கெழம முடியட்டுங்க. அப்புறம் என்ன வேணா பண்ணுங்க. இப்ப கை வைக்காதீங்க."

"உனக்காகத்தான்மா பண்றேன்" என்றார். உலகத்தில் பாதி வம்பு இந்த ஒரு வாக்கியத்தில்தான் ஆரம்பிக்கிறது.

சாயங்காலத்துக்குள் மாட்டி முடித்தார். அறுபத்திரண்டில் இருந்த ப்ராசஸர் நாற்பத்து நாலுக்கு இறங்கியது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. இனிமேல் தேவையில்லை என்று ப்ராசஸர் ஃபேனைக் கழற்றி மகளிடம் விளையாடக் கொடுத்தார். அதோடு விட்டாரா? தண்ணீரில் ஓடுகிற குளிர்சாதனம் எங்கே இருந்தாலும் அதைப் போட்ட மெக்கானிக் முதலில் பார்ப்பது, போகிற தண்ணீர் எத்தனை, வருகிற தண்ணீர் எத்தனை என்று. கை பழகிவிட்டது. இருந்ததோ ஒரே வெப்பமானி. சிப்செட் மேல் ஒட்டியிருந்த ஒயரைப் பிய்த்துத் தண்ணீர்க் குழாயில் ஒட்டினார். முப்பத்து மூன்று. அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனார். வழிகிற காற்றை நம்பியிருந்த சில்லுக்குக் காற்றும் போயிற்று, அதன் மேலிருந்த கண்ணும் போயிற்று.

இருவரும் இரண்டு நாள் லீவு போட்டிருந்தார்கள். திங்கள் மத்தியானம் ரெண்டர் தொடங்கியது. வானம் மூடியிருந்த நாள். செவ்வாய் காலைக்குள் ஐந்து படம் வந்துவிட்டது. பத்து மணிக்கு வெயில் ஏறியதும், ஆறாவது படம் பாதியில் திரை அப்படியே உறைந்துபோனது. மறுபடி போட்டார்கள், மறுபடி உறைந்தது. உறைகிற ஒவ்வொரு தடவையும் அந்தப் படம் முதலிலிருந்து.

"எத்தனைங்க?" என்றாள்.

"ப்ராசஸர் நாப்பத்து நாலு. தண்ணி முப்பத்து மூணு. எல்லாம் ஜில்லுன்னு இருக்கு."

"வேகத்தையாவது கொறச்சுப் பாருங்களேன்."

"வேகம் என்ன பண்ணுச்சு? சூடே இல்லயே!"

மின்சாரம் போதவில்லை போலிருக்கிறது என்று அவராக ஒரு முடிவுக்கு வந்து, சிப்செட்டுக்கு வோல்டேஜை ஒரு படி ஏற்றிவிட்டார். எரிகிற நெருப்பில் எண்ணெய். செவ்வாய் முழுக்க ஒரு படமும் வரவில்லை. மெமரிப் பட்டைகளைக் கழற்றித் துடைத்தார், ஒயர்களைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினார், கடைசியில் வாய் தவறி, "நீ போட்டிருக்கிற மரத்துலயே லட்சம் இலை இருக்கும் போல. அதான் தாங்கல" என்றார். வேண்டுமென்று சொல்லவில்லை. எதையாவது சொல்ல வேண்டியிருந்தது.

அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். புதன் காலை வேலைக்குப் போவதற்கு முன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, படத்தை வேறு பேரில் ஒரு நகல் எடுத்து, அதிலிருந்து ஒவ்வொன்றாக அழித்தாள். மரங்கள் போயின. வாண்டுகள் போயினர். குழந்தைக்காரி, தூங்குகிறவர், நிழலில் உட்கார்ந்த வயசாளி. எல்லோரையும் அனுப்பிவிட்டு, வெறும் கூடத்தை ரெண்டருக்குப் போட்டுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு கிளம்பிப் போனாள்.

மத்தியானம் சாப்பிட வந்த டிகிரி, திரை மறுபடி உறைந்திருப்பதைப் பார்த்தார். ஆத்திரத்தில் பெட்டியைத் தன் பக்கம் இழுக்கக் கையை உள்ளே விட்டபோது விரல் அந்த அலுமினியச் சீப்பில் பட்டது. பட்ட இடம் உடனே கொப்பளித்துவிட்டது. விரலை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. குழாயிலிருந்து ஒயரைப் பிய்த்துச் சீப்பில் வைத்தார். உறைந்து நிற்கும்போதே தொண்ணூற்று மூன்று.

பிறகு மகளின் விளையாட்டுச் சாமானிலிருந்து ஃபேனைத் தேடி எடுத்து, நூல் கட்டி, சிப்செட்டுக்கு நேராகத் தொங்கவிட்டார். வோல்டேஜைப் பழையபடி இறக்கினார். ஐம்பத்தொன்று. மிஷின் ஓடியது. ஆள் இல்லாத படங்கள் இரண்டரை மணிக்கு ஒன்றாக வர ஆரம்பித்தன.

ஆறு மணிக்கு அவள் வந்தபோது இரண்டு படம் தயாராக இருந்தது. வாசலிலேயே நின்று கேட்டாள்.

"ஓடுதா? என்ன பண்ணீங்க?"

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தார். 'இப்ப கை வைக்காதீங்க' என்று ஞாயிற்றுக்கிழமை அவள் கெஞ்சியது அந்த வாயிலேயே வந்து நின்றது.

"ஒண்ணும் பண்ணல. நீ மரத்தையெல்லாம் எடுத்தேல்ல, அதான் ஓடுது."

"அந்த ஃபேன்?"

"அது சும்மா, ஒரு பாதுகாப்புக்கு."

"நாந்தான் கனமாப் போட்டுட்டேனா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். டிகிரி மகளுக்குச் சோறு பிசையப் போய்விட்டார்.

பதினாறு படமும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஐந்தில் ஆட்கள், பதினொன்றில் யாரும் இல்லை. தேர்வாகவில்லை. திருப்பி அனுப்பிய கடிதத்தில் நடுவர்களில் ஒருவர் மட்டும் கையால் ஒரு வரி எழுதியிருந்தார்: 'முதல் ஐந்து படங்களில் இருக்கும் உயிர் மற்றவற்றில் இல்லை.' அவள் அதை இரண்டு தடவை படித்துவிட்டு அலமாரியில் வைத்தாள். அழவில்லை. அழாததைப் பார்த்து, பெரிதாக ஒன்றும் இல்லை என்று டிகிரி தன்னைத் தேற்றிக்கொண்டார்.

வருடங்கள் ஓடின. வீடு மாறியது, கம்ப்யூட்டர் மாறியது. டிகிரி இந்தக் கதையை விருந்தாளிகளுக்குச் சொல்ல ஆரம்பித்தார். "நான் என்னென்னமோ பண்றேன், மிஷின் அசையல. இவ மரத்த வெட்டினா பாருங்க, குதிர மாதிரி ஓடுது!" எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். பத்துத் தடவை சொன்னதும் அவருக்கே அது நிஜம் போலாகிவிட்டது. இருபத்திரண்டு வருடம் அந்தப் பொய் மேல் சௌகரியமாகப் படுத்துக்கொண்டு, அது ஒரு பொற்காலம் என்று கனவு கண்டார்.

அவள் வேலையை விட்டு வீட்டிலேயே வரைபடம் போட்டுக்கொடுக்க ஆரம்பித்தாள். 'இவங்க படம் சுத்தமா இருக்கும்' என்று பேர் வாங்கினாள். சுத்தம்தான். ஒரு படத்திலும் ஒரு ஆள் இல்லை, ஒரு செடி இல்லை. டிகிரி அதைக் கவனித்ததே இல்லை. அறைக்குள் நுழைந்ததும் இருபத்தாறு என்று சொல்லத் தெரிந்தவர்தான்.

போன மாதம் மகள் போன் செய்தாள். அவளுக்கு இப்போது வேறு ஊரில் வேலை. ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் காத்திருப்புக் கூடம் கட்டப்போகிறார்கள், போட்டி அறிவித்திருக்கிறார்கள், பத்து நாள் இருக்கிறது.

"அம்மா, நீங்க போடுங்கம்மா. உங்களுக்குன்னே வந்த மாதிரி இருக்கு."

போன் மேசை மேல் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி இருந்தது. டிகிரி பக்கத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம்டி. அதெல்லாம் எனக்குச் சரிவராது."

"ஏம்மா?"

"எனக்கு அளவு தெரியாது. போட ஒக்காந்தா இழுத்துக்கிட்டே போவேன். அந்தத் தடவ அப்பா பாவம், தண்ணி விட்டுப் பார்த்தாரு, ராப்பகலா பாடுபட்டாரு. நான் கனமா வரைஞ்சு கெடுத்தேன். ஒரு தடவ பட்டது போதும்."

டிகிரியின் கையில் செய்தித்தாள் நின்றுவிட்டது. வேடிக்கை என்று அவர் சொல்லிக்கொண்டிருந்ததை இவள் தீர்ப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறாள். அவள் சிரித்ததெல்லாம் என்ன சிரிப்பு என்று இப்போதுதான் தெரிந்தது. சொல்லாவிட்டால் இவள் இந்தப் போட்டிக்கும் போடமாட்டாள், இனி எதற்கும் போடமாட்டாள். சொன்னால் அந்த இரண்டாம் மாடி வீடு போய்விடும். அது ஒன்றுதான் அவரிடம் இருந்தது.

மகள் போனை வைத்ததும் சொன்னார்.

"இந்தா... அந்த மிஷின் நின்னது உன் படத்தால இல்ல."

"விடுங்க. இப்ப எதுக்கு ஆறுதல்?"

"ஆறுதல் இல்ல. நான் ஃபேனக் கழட்டினேன். அதுல சிப்செட்டுக்குக் காத்து போயிடுச்சு. ஒயரயும் அதுலேருந்து எடுத்துத் தண்ணிக் குழாயில ஒட்டிட்டேன், அதனால தெரியல. தொண்ணூத்து மூணு இருந்துச்சு. புதன்கெழம மத்தியானமே எனக்குத் தெரியும்."

அவள் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. கணக்குப் பார்க்கிற முகம்.

"நான் மரத்த எடுத்தது?"

"தேவையே இல்ல."

"ஆளுங்கள?"

"அதுவும்தான்."

"பழைய படம் அப்படியே இருந்துச்சே. நான் நகல்லதான் அழிச்சேன். அன்னிக்கி ஆறு மணிக்கு நீங்க சொல்லியிருந்தா?"

அவளே விரல் மடக்கிச் சொன்னாள்.

"பதினோரு படம். நாலு நாலு மணி நேரம். நாப்பத்து நாலு. வெள்ளிக்கெழம ரெண்டு மணிக்கு முடிஞ்சிருக்கும்."

"முடிஞ்சிருக்கும்" என்றார் டிகிரி.

"எல்லாரும் இருந்திருப்பாங்க."

அவருக்கு அங்கேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. "தப்புதான்மா. பெரிய தப்பு" என்றார். அவர் வாழ்க்கையில் சொன்ன உண்மையான வாக்கியங்களில் அதுவும் ஒன்று. அவள் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"நீங்க கழட்டினதுகூடப் போகட்டும். யாரு வேணா கழட்டுவாங்க" என்றாள். "வந்தவங்க போனவங்ககிட்டயெல்லாம் சொல்லிச் சிரிச்சீங்களே. நானும் பக்கத்துல ஒக்காந்து சிரிச்சேனே."

அன்றைக்கும் மறுநாளும் சோற்றை மேசையில் மூடிவைத்துவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். மூன்றாம் நாள் காலை காப்பியை அவர் பக்கம் தள்ளிவைத்துவிட்டு, மேசையில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிப் போட்டியின் விதிகளை முதலிலிருந்து கடைசிவரை படித்தாள்.

டிகிரிக்கு உயிர் வந்தது. "போடப் போறியா? மிஷின வேணா நான் ஒருதரம் பாத்து..."

"மிஷினத் தொடாதீங்க."

"இல்ல, சூடு..."

"நான் பாத்துக்கறேன். நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

கதவைச் சாத்திக்கொண்டு அவர் பால்கனிக்கு வந்தார். கீழே தெருவில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. வழக்கம்போல அந்தப் பழைய அறையை நினைத்துப் பார்த்தார். அறை வந்தது. ஜன்னலோர மேசை வந்தது. புதன்கிழமைக் காலையில் அந்த மேசை முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு ஆளாக அழித்துக்கொண்டிருந்தவளின் முதுகும் வந்தது. அன்றைக்கு அவர் அந்த அறையிலேயேதான் இருந்தார். ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. மகள்.

"அப்பா, அம்மா என்ன பண்றாங்க?"

"படம் போடுறா."

"நிஜமாவா! நீங்கதான் பேசிச் சம்மதிக்க வெச்சீங்களா? நீங்க என்ன பண்றீங்க?"

"நான் வெளிய இருக்கேன்மா" என்றார்.